உச்சி மூடி: பாராசூட்டுக்கு வழிவிடும் கதவும் அதன் சோதனைகளும்

பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர் எனக் கேரளத்தின் தென்னெல்லையை ஒட்டி அமைந்துள்ள நெய்யாற்றின்கரை வட்டத்து ஊர்கள், 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு இணைய, தாம் மட்டும் கேரளத்தில் தங்கிவிட்டவை. களியக்காவிளைச் சோதனைச் சாவடியின் இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும் இந்நிலப்பகுதி, இந்திய விண்வெளி ஆய்வின் இரு பெரும் நிலையங்களுக்கு நடுவில் இருக்கிறது. வடமேற்கே, 50 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட தும்பாவும் அங்கு வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் உள்ளன; கிழக்கே, ராக்கெட் எஞ்சின்களை எரித்துப் பார்க்கும் மகேந்திரகிரி உள்ளது. எல்லைக்கு அப்பால், நாகர்கோவிலை அடுத்த மேலகாட்டுவிளையில் பிறந்த வி. நாராயணன் 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானார். இவ்வளவு அருகில் நடக்கும் பணியின் உட்கூறுகள், குறிப்பாக ராக்கெட் மேலே செல்வதைவிட மனிதர் கீழே இறங்குவதற்காகச் செய்யப்படும் வேலைகள், தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை. அவற்றுள் மிகக் குறைவாகப் பேசப்பட்டது, பாராசூட் வெளிவருவதற்காகத் திறக்க வேண்டிய மூடி.

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்தில் வீரர்கள் அமரும் கலன், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 7.6 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பும் வகையில் வடிவமைக்கப்பட்டது. அந்த வேகத்தின் பெரும்பகுதியைத் தணிப்பது பாராசூட் அல்ல, காற்றே. மழுங்கிய அடிப்பகுதியை முன்னிறுத்தி வளிமண்டலத்துள் பாயும் கலன், எதிரே உள்ள காற்றை அழுத்திச் சூடாக்கி, தன் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றி இழக்கிறது. ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வேகம் நொடிக்கு 150 மீட்டராகக் குறைந்த நிலையில் எஞ்சியிருக்கும் ஆற்றல், தொடக்கத்தில் இருந்ததில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் உயிர் பிழைப்பது அந்த எஞ்சிய பங்கைப் பொறுத்ததே. நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் மோதினால் கடல்நீரும் கருங்கல்லும் ஒன்றுதான். அதை நொடிக்கு 8 மீட்டர் அளவுக்குக் கொண்டுவரும் பொறுப்பு, கலனின் கூம்பு முனையில் மடித்து அடைக்கப்பட்டிருக்கும் துணியையும் கயிற்றையும் சேர்ந்தது. அத்துணிக்கு மேலே கவிந்திருப்பதே உச்சி மூடி.

இந்த மூடியிடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கடமைகள் ஒப்படைக்கப்பட்டுள்ளன. ஏவப்படும் கணம் முதல் வளிமண்டலத்தின் வெப்பத்தைக் கடந்து முடிக்கும்வரை அது எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அதன்பின் வரும் குறிப்பிட்ட ஒரு நொடியில் எக்காரணம் கொண்டும் திறக்காமல் இருக்கக் கூடாது. முதல் கடமைக்காகப் பூட்டை வலுப்படுத்தினால் இரண்டாவது கடினமாகிறது. இரண்டாவதற்காகத் தளர்த்தினால் முதலாவது ஆபத்துக்குள்ளாகிறது. வடிவமைப்பாளர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேடுவதாகவே இருக்கும்.

பூட்டுக்கு வரும் முதல் சோதனை, யாரும் எளிதில் எண்ணிப் பார்க்காத காற்றழுத்தத்திலிருந்து வருகிறது. கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். ராக்கெட் ஏறத் தொடங்கிய சில நிமிடங்களில் வெளியே அது கிட்டத்தட்ட முழுதும் இல்லாமற்போகிறது. பாராசூட் அறைக்குள் சிக்கிய காற்று அதே விரைவில் வெளியேற வழி இல்லையென்றால், உள்ளிருந்து மூடியை வெளியே தள்ளும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரே ஒரு கிலோபாஸ்கல் வேறுபாடு இருந்தாலும் நூறு கிலோ எடைக்குச் சமமான விசை அதன்மீது செயல்படும். ஆகவே அறையில் காற்றுத் துளைகள் விடப்படுகின்றன. ஆனால் திரும்பும்போது நிலைமை தலைகீழாகிறது: உள்ளே வெற்றிடம், வெளியே நொடிக்கு நொடி ஏறும் அழுத்தம், துளைகள் சிறியவையாக இருந்தால் மூடி உள்நோக்கி அழுந்தி இறுகிக்கொள்ளும், பெரியவையாக இருந்தால் சுடுகாற்று அவற்றின் வழியே புகுந்து துணியைத் தீண்டிவிடும்.

இறுகிக்கொள்வது வெறும் கற்பனை அச்சம் அன்று. 1967ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் சோவியத் நாட்டின் சோயுஸ்-1 கலன் தரையில் மோதி விளாதிமீர் கோமரோவ் இறந்ததற்கு, முதன்மைப் பாராசூட் தன் கொள்கலனைவிட்டு வெளிவராததே காரணம். அதை இழுத்தெடுக்க வேண்டிய, டிரோக் எனப்படும் சிறு பாராசூட் முறையாகவே வெளிவந்தது. ஆனால் அழுத்த வேறுபாட்டால் கொள்கலனின் சுவர் உள்வாங்கி, பாராசூட் பொதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது என்ற முடிவுக்கு விசாரணைக் குழு வந்தது. பின்னர் மாற்று ஏற்பாடாக இருந்த பாராசூட் வெளிவந்தபோது, விடுபடாமல் தொங்கிய டிரோக்கோடு சிக்கிக்கொண்டது. அடுத்த கலன்களில் கொள்கலன் பெரிதாக்கப்பட்டு, உட்சுவர் வழவழப்பாக்கப்பட்டது. பிழை துணியில் இல்லை, தையலில் இல்லை, கயிற்றில் இல்லை. துணி வெளிவரும் வழியில் இருந்தது.

கதவு திறந்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்றும் சொல்லிவிட முடியாது. காற்றில் விரையும் மழுங்கிய உடல் ஒவ்வொன்றும் தன் பின்னே கலங்கிய காற்று மண்டலம் ஒன்றை இழுத்துக்கொண்டு வருகிறது. அங்கு அழுத்தம் குறைவு. காற்று பின்னோக்கிப் பாய்வதற்குப் பதிலாகச் சுழன்று கலனின் முதுகை நோக்கியே திரும்பி வரவும் செய்யும். பின்சுழல் மண்டலம் எனப்படும் இதற்குள்தான் உச்சி மூடி கழன்று விழுகிறது. மெதுவாகத் தள்ளப்பட்ட மூடி அதிலேயே மிதந்து, கலனின் முதுகில் வந்து இடிக்கலாம்; அல்லது பாராசூட் விரிந்து கலன் திடீரென வேகம் குறையும்போது, தன் வேகம் குறையாத மூடி மேலிருந்து வந்து துணியைக் கிழிக்கலாம். எனவே, கழற்றுவதோடு நில்லாமல் மூடியை அப்பால் கொண்டுசெல்லவும் தனி ஏற்பாடு தேவைப்படுகிறது. அப்போலோ கலனின் மூடி உந்திகளால் தள்ளப்பட்டதோடு, அதற்கென்றே ஒரு சிறு பாராசூட்டும் இணைக்கப்பட்டிருந்தது. நாசாவின் ஓரியன் கலனில் உள்ள 11 பாராசூட்டுகளில் மூன்று, மூடியை இழுத்து அகற்றுவதற்காகவே உள்ளவை.

மூடியை அகற்றவே பாராசூட் வேண்டும் என்றால், அந்தப் பாராசூட் எந்த வழியாக வெளிவரும் என்ற கேள்வி இங்கு இயல்பாக எழுகிறது. இதற்கு மிக நேர்த்தியான விடை ஒன்றைச் சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனில் 2005ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் இறங்கிய ஹைகன்ஸ் ஆய்வுக்கலன் காட்டியது. அதன் பின்மூடியில் ஓரிடம் வேண்டுமென்றே மெலிதாக விடப்பட்டிருந்தது. உள்ளிருந்து சுடப்பட்ட சிறு பாராசூட் அந்த மெல்லிய பகுதியை உடைத்துக்கொண்டு வெளியேறி விரிந்தது. அது பின்மூடியை முழுதாக இழுத்துக் கழற்ற, மூடி போகும்போதே முதன்மைப் பாராசூட்டையும் தன்னோடு இழுத்து வெளியே கொண்டுவந்தது. பெரிய கதவைத் திறக்கச் சிறிய கதவு, சிறிய கதவைத் திறக்க வெடிவிசை என்னும் இந்தப் படிமுறை, ஏழாண்டுக்கும் மேலாக விண்வெளியில் உறைந்து கிடந்த பின்னரும் பிசகவில்லை என்பது பொறியியல் வரலாற்றில் போற்றத் தக்கது.

ககன்யான் கலனில் நான்கு வகையைச் சேர்ந்த 10 பாராசூட்டுகள் உள்ளன. இவற்றின் வடிவமைப்பில் விக்ரம் சாராபாய் மையத்தோடு, ஆக்ராவில் உள்ள பாதுகாப்புத் துறையின் பாராசூட் ஆய்வு நிறுவனமும் பங்கேற்கிறது. முதலில் வெளிவருபவை உச்சி மூடியைப் பிரிக்கும் இரண்டு பாராசூட்டுகள். மூடி அகன்றதும், 5.8 மீட்டர் விட்டம் கொண்ட இரண்டு டிரோக் பாராசூட்டுகள் விரிந்து கலனின் ஆட்டத்தை அடக்கி வேகத்தைக் குறைக்கின்றன. இவை முழுத் துணியால் ஆனவை அல்ல. நாடாக் கட்டிலைப் போல நாடாக்களை இடைவெளிவிட்டுப் பின்னி, கூம்பு வடிவில் அமைக்கப்பட்டவை. இடைவெளி வழியே காற்று கசிவதால் அதிவேகத்தில் படபடத்துக் கிழியாமல் நிலைத்து நிற்கின்றன. டிரோக்குகள் விடுவிக்கப்பட்டபின் மூன்று பைலட் பாராசூட்டுகள் தனித்தனியே மூன்று முதன்மைப் பாராசூட்டுகளை இழுத்தெடுக்கின்றன. அந்த மூன்றில் ஒன்று விரியாமற்போனாலும் மற்ற இரண்டே வீரர்களைப் பாதுகாப்பாக இறக்கிவிடும். 1971 ஆகஸ்டில் அப்போலோ-15 கலன் தன் மூன்று பாராசூட்டுகளில் ஒன்று செயலிழந்த நிலையிலும் மூவரையும் உயிரோடு இறக்கியது. ஆனால் உச்சி மூடியின் நிலை வேறு. பாராசூட்டை மூன்றாகப் பெருக்கலாம். மூடி ஒன்றுதான், அது போகாவிட்டால் அதன்கீழ் உள்ள எட்டும் பயனற்றவை. ஆகவே இங்கு மாற்று ஏற்பாடு என்பது மூடியைக் கழற்றும் வழிகளை இரட்டிப்பதாகவே அமைகிறது.

சிறு பாராசூட்டுகளை வெளியே எறியும் கருவிக்கு மோர்ட்டார் என்று பெயர். ஒருபுறம் அடைத்த உருளைக் குழாயில் பாராசூட் பொதி நெருக்கி அடைக்கப்பட்டு, அதன் அடியில் வெடிமருந்து வைக்கப்படுகிறது. மின்னாணை வந்ததும் மருந்து எரிந்து எழும் வாயு, பொதியைத் தாங்கும் தட்டைத் தள்ள, பொதி பின்சுழல் மண்டலத்தைத் தாண்டிச் சீரான காற்றோட்டத்தை அடையும் வேகத்தோடு பாய்கிறது. அங்கு முதலில் நீள்பவை கயிறுகள். அவை முழுதும் நீண்டு விறைத்தபிறகே பையைவிட்டுத் துணி வெளிவர வேண்டும். துணி முந்திக்கொண்டால் கயிறு தளர்ந்து சுற்றிக்கொள்ளும். இந்த ஒழுங்கைக் காப்பது, பையின் வாயைக் கட்டியிருக்கும் எளிய நூல்கட்டுகள்; குறித்த விசையில் அறுந்துவிடும்படி வலிமை கணக்கிட்டுக் கட்டப்பட்டவை. முதன்மைப் பாராசூட்டின் விளிம்பையும் ஒரு சுருக்குக் கயிறு சில நொடிகள் பிடித்துவைத்திருக்கிறது. அது இல்லையென்றால் ஒரே மூச்சில் விரியும் துணி தன் விசையைத் தானே தாங்காமல் கிழியும். குறித்த நேரத்தில் சிறு வெடிகருவி அக்கயிற்றை அறுக்க, பாராசூட் முழுதாக மலர்கிறது.

இத்தகைய அமைப்பை எங்கே, எப்படிச் சோதிப்பது? கலனின் மீது காற்று செலுத்தும் விசையை நிர்ணயிப்பது இயங்கு அழுத்தம். காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் வருவது அது. 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. எனவே அங்கு நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் நேரும் விசையைத் தரையில் நொடிக்கு 100 மீட்டர் வேகத்திலேயே உண்டாக்கிவிடலாம். இரண்டிலும் இயங்கு அழுத்தம் 6 கிலோபாஸ்கலை ஒட்டியே இருக்கும். இந்தக் கணக்குதான் சண்டிகரில் உள்ள டெர்மினல் பாலிஸ்டிக்ஸ் ஆய்வகத்தின் ராக்கெட் தண்டவாளத்துக்குப் பாராசூட்டைக் கொண்டுசென்றது. தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ராக்கெட் உந்தலால் பாயும் ஸ்லெட் எனப்படும் சறுக்குவண்டியில் மோர்ட்டாரைப் பொருத்தி, வேண்டிய வேகம் வந்த கணத்தில் அதை வெடிக்கச் செய்கிறார்கள்; கயிற்றில் பொருத்திய உணரிகள் இழுவிசையைப் பதிவுசெய்ய, அதிவேகக் கேமராக்கள் ஒவ்வொரு மடிப்பும் பிரிவதைப் படம்பிடிக்கின்றன.

2023ஆம் ஆண்டு மார்ச் 1, 3 ஆகிய நாள்களில் அங்கு நடந்த இரு சோதனைகளும் இந்தக் கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானவை. முதலாவதில் இரண்டு பைலட் பாராசூட்டுகள் சேர்த்து ஏவப்பட்டன. ஒன்று காற்றோட்டத்துக்கு மிகக் குறைந்த கோணத்தில், மற்றது மிக அதிகக் கோணத்தில். இரண்டாவதில் உச்சி மூடியைப் பிரிக்கும் பாராசூட்டுகள், நேரக்கூடிய உச்ச இயங்கு அழுத்தத்தில், கலன் காற்றுக்குக் குறுக்காக 90 பாகை சாய்ந்திருப்பதாகக் கொண்டு ஏவப்பட்டன. சீராகத் திரும்பும் கலன் இப்படிக் குறுக்காகக் கிடக்க வேண்டியதில்லை. ஆனால் ராக்கெட் பாதிவழியில் பழுதாகி, வீரர்களோடு கலன் பிய்த்தெறியப்படும் அவசர நேரத்தில் அது எந்தத் திசையில் உருண்டுகொண்டிருக்கும் என்று யாரும் உறுதிகூற முடியாது. குறுக்காகக் கிடக்கும் கலனில் மூடியின் ஒரு பக்கத்தைக் காற்று அழுத்த, மறுபக்கத்தை இழுக்கும். வெளிவரும் பொதியும் வளைந்து அடிக்கப்படும். இயல்பான இறக்கத்தை விடுத்து இந்த மிக மோசமான நிலையைத் தேர்ந்தெடுத்ததில்தான் சோதனையின் நேர்மை இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் டிரோக் பாராசூட்டுகளும் இதே தண்டவாளத்தில் சோதிக்கப்பட்டன. 2025 டிசம்பர் 18, 19 ஆகிய நாள்களில் அவற்றின் தகுதிச் சோதனைகள் நிறைவேறின.

தண்டவாளத்துக்கும் எல்லை உண்டு. இயங்கு அழுத்தத்தைச் சரியாக்கினால், வேகத்துக்கும் ஒலியின் வேகத்துக்கும் உள்ள விகிதமான மாக் எண் தவறிவிடுகிறது: மேற்கண்ட கணக்கில் உயரத்தில் 0.68 ஆக இருக்கும் அது, தரையில் 0.29தான். மேலும் ஸ்லெட்டின் பின்னே உருவாகும் சுழல், கலனின் சுழல் அன்று. ஆகவே வெவ்வேறு கூறுகளை வெவ்வேறு இடங்களில் பிடிக்க வேண்டியிருக்கிறது. 2022 நவம்பர் 18 அன்று ஜான்சி அருகேயுள்ள பபீனா திடலில், 5 டன் போலி எடை ஐ.எல்-76 விமானத்தால் 2.5 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஒரு முதன்மைப் பாராசூட் விரியாத நிலையை ஒத்து இறக்கப்பட்டது. 2025 நவம்பர் 3 அன்று அங்கேயே, இரு பாராசூட்டுகளின் சுருக்குக் கயிறுகள் ஒரே நேரத்தில் அறாமல் முன்பின்னாக அறுபட்டால் ஒன்றின்மீது ஏறும் மிகைச்சுமை சோதிக்கப்பட்டது. அதற்கு முன், ஆகஸ்ட் 24 அன்று, விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் ஏறத்தாழ 5 டன் எடையுள்ள மாதிரிக் கலனை ஸ்ரீஹரிகோட்டா அருகே 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கடலில் விடுவிக்க, தொடர் முழுதும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தேறியது. 2025இல் நடந்த இவ்விரு சோதனைகளுக்கும் முன்னதாக, 2023 அக்டோபர் 21 அன்று, ஒலியை மிஞ்சிய வேகத்தில் செல்லும் ராக்கெட்டிலிருந்து மாதிரிக் கலன் தப்பிப் பிரிந்து, ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரம்வரை சென்று, மூடி நீங்கி, பாராசூட்டுகள் விரிந்து வங்கக் கடலில் இறங்கியது.

இத்தனை சோதனைகள் ஏன் என்பதற்கான விடை வெடிகருவியின் இயல்பில் உள்ளது. தரையில் வேகச் சாதனைக்காக ஓடும் கார்களிலும் பாராசூட்டும் அதற்குக் கதவும் உண்டு. 2019ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஹாக்ஸ்கீன் பான் என்னும் வறண்ட ஏரிப்படுகையில் மணிக்கு 1,010 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய பிளட்ஹவுண்ட் கார், பாராசூட் உதவியோடு வேகத்தைத் தணித்துக்கொண்டது. அப்படிப்பட்ட வண்டியின் கதவைக் கொட்டகையிலேயே திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சற்றே வேகம் கூட்டி, முந்தைய ஓட்டத்தின் பதிவைப் பார்த்துத் திருத்தலாம். விண்கலனின் மூடிக்கு அந்த வசதி இல்லை. ஒருமுறை எரிந்த மருந்து மறுபடி எரியாது. ஒருமுறை அறுந்த போல்ட்டு மறுபடி பூட்டாது. அதனால், வீரர்களோடு பறக்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட மூடி, அதுவரை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கப்படாததாகவே இருக்கும். அதை நம்புவதற்கு உள்ள ஒரே சான்று, அதே தொகுதியில், அதே அளவில், அதே கைகளால் செய்யப்பட்ட அதன் உடன்பிறப்புகள் வெடித்துக் காட்டியது மட்டுமே.

ஆகவே மெருகேற்றுவது என்பது இங்கு புதுமைகளைப் புகுத்துவதைக் காட்டிலும் வேறுபாடுகளைக் குறைப்பதையே பெரிதும் குறிக்கும். இரண்டு மோர்ட்டார்கள் ஒரே ஆணைக்குச் சில மில்லிநொடிகள் முன்பின்னாகச் சுட்டால் மூடி சாய்ந்து கிளம்பும். சாய்ந்த மூடியின் விளிம்பு கலனில் உரசும். மருந்தின் ஈரப்பதம், பொதியை அழுத்தி அடைத்த இறுக்கம், கயிற்றை மடித்த வரிசை, வெப்பக் காப்பு ஓடுகளுக்கு இடையே விட்ட மெல்லிய இடைவெளி என்று எதில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் அந்த மில்லிநொடிகள் மாறும். சோதனைக்குப் பின் கிடைக்கும் அலைவரைபடத்தில் பொறியாளர் முதலில் தேடுவது உச்ச விசையை அல்ல, முந்தைய சோதனையின் கோட்டோடு இந்தக் கோடு எங்கே பிரிகிறது என்பதைத்தான்.

தரையிலோ தாழ்வான வானத்திலோ எவ்வளவு முயன்றாலும் ஒன்றைச் சேர்த்துப் பார்க்க இயலாது: பல நாள் வெற்றிடம், அதில் மாறிமாறி வரும் கடுங்குளிரும் வெயிலும், பின்னர் திரும்பும்போது எழும் வெப்பம், அதன்பின் விரைந்து ஏறும் அழுத்தம், இவை அனைத்தையும் ஒரே மூடி ஒரே வரிசையில் தாங்கிய பிறகு திறப்பது. இந்தியாவுக்கு இதில் முன்னனுபவம் இல்லாமல் இல்லை. 2007 ஜனவரியில் 550 கிலோ எடையுள்ள ஒரு சிறு கலன் 12 நாள் சுற்றுப்பாதையில் இருந்துவிட்டு வங்கக் கடலில் பாராசூட்டால் இறங்கியது. 2014 டிசம்பர் 18 அன்று 3.7 டன் எடைகொண்ட ஆளில்லாக் கலன் 126 கிலோமீட்டர் உயரத்திலிருந்து திரும்பி அந்தமான் அருகே விழுந்தது. ஆனால் முன்னது மிகச் சிறியது. பின்னது சுற்றுப்பாதையை எட்டாதது. மனிதர் ஏறும் அளவுள்ள மூடி ஒன்று சுற்றுப்பாதையிலிருந்து திரும்பிவந்து திறப்பதைக் காட்டவேண்டிய பொறுப்பு, வியோமித்ரா என்னும் பெண்ணுருவ எந்திரம் வீரர்களுக்கு முன்பாகச் செல்லும் ஆளில்லாப் பயணங்களிடம் விடப்பட்டுள்ளது. மூடி பிரிந்த நேரம், அதன் சாய்வு, பாராசூட் அறையின் அழுத்தம், வெப்பம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் உணரிகளின் எண்களைத் தண்டவாளத்தில் கிடைத்த எண்களோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போகும் இடங்களையும் போகாத இடங்களையும் தனித்தனியே குறித்த பின்புதான், அந்த இருக்கைகளில் மனிதர் அமர்வது குறித்து முடிவெடுக்க முடியும்.